சேஸிஸும் எஞ்சினும் மாற்றிய கிட் கார்: பழைய நம்பர் நிற்குமா, கியூ பிளேட்டா?

மூன்றாம்கியர் | 2024 மார்ச் 9

எல்லோருக்கும் வணக்கம். பிரிட்டனில் 1984 பதிவுள்ள கிட் கார் (பாகங்களை வாங்கி நாமே சேர்த்துக் கட்டும் கார்) ஒன்று வைத்திருக்கிறேன். ஃபோர்ட் எஸ்கார்ட் மார்க் 2 டோனர் (பாகங்கள் தந்த பழைய கார்), ஃபைபர்கிளாஸ் பாடி, சதுரக் குழாயில் ஏணி மாதிரி அடித்த சேஸிஸ் (அடிச்சட்டம்). ஃபோர்டின் 1300 சிசி கென்ட் எஞ்சின், நாலு கியர். பாடியைத் தூக்கிப் பார்த்தால் கீழ்க் குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கின்றன. பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நேராக உள்ளே போகிறது.

எனவே புது சேஸிஸ் போடலாம் என்று நினைக்கிறேன். கழற்றியது கழற்றியாயிற்று, கையோடு ஃபோர்டின் 2.0 லிட்டர் ஸீடெக் எஞ்சினும் ஏற்றிவிட ஆசை. கிட் செய்த கம்பெனி இப்போது இல்லை. அளவெடுத்து அச்சு அசலாக அடித்துத் தருகிறேன் என்று ஒரு வெல்டர் சொல்கிறார்.

எஞ்சின் மாற்றினால் ஐவிஏ டெஸ்ட் (தனி வாகனத்துக்கான அங்கீகாரச் சோதனை), கியூ பிளேட் (வயதோ அடையாளமோ உறுதியாகாத வண்டிக்குத் தரும் Q நம்பர்) எல்லாம் வந்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா? சேஸிஸ் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எண்ணெய்க்கை | 2024 மார்ச் 9

நண்பர் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார் தம்பி. எஞ்சின் மாற்றுவது வெறும் கடித வேலை. வி5சியில் (வண்டியின் பதிவுச் சான்று) பி.1 கட்டம் சிசி, பி.3 எரிபொருள், பி.5 எஞ்சின் எண். மாறியதைத் திருத்தி, எஞ்சின் வாங்கிய ரசீதையோ கராஜ் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதத்தையோ இணைத்து டிவிஎல்ஏவுக்கு (வண்டிகளைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகம்) அனுப்பினால் புது வி5சி வரும். இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லவேண்டும். அவ்வளவுதான். சிசி 1549ஐத் தாண்டுவதால் வாகன வரி மேல் படிக்குப் போகும், அது தெரிந்த செலவு.

உங்கள் கேஸில் ஆளைக் கவிழ்க்கக்கூடியது சேஸிஸ்தான். அதற்கு முன் ஒரு கேள்வி: வி5சியில் டி.1 (தயாரிப்புப் பெயர்) என்ன சொல்கிறது? கிட்டின் பெயரா, ஃபோர்டா?

மூன்றாம்கியர் | 2024 மார்ச் 9

கிட்டின் பெயர்தான் ஐயா. டி.5இல் (பாடி வகை) ஸ்போர்ட்ஸ் என்று இருக்கிறது. ஈ கட்டத்தில் இருக்கும் சேஸிஸ் எண்தான் சேஸிஸில் ரிவெட் அடித்த பிளேட்டிலும் இருக்கிறது.

எண்ணெய்க்கை | 2024 மார்ச் 9

நல்லது. பாதித் தலைவலி போயிற்று.

லெஸ்டர்வாசி | 2024 மார்ச் 10

ப்ரோ, இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்? டிவிஎல்ஏ பாயிண்ட் சிஸ்டம் இருக்கு, பழைய பாகம் மாறாம இருந்தா அதுக்குப் பாயிண்ட். சேஸிஸ் 5, சஸ்பென்ஷன் 2, ஆக்ஸில் 2, கியர்பாக்ஸ் 2, ஸ்டியரிங் 2, எஞ்சின் 1. எட்டு எடுத்தா பழைய நம்பர். நீங்க சேஸிஸையும் எஞ்சினையும் விட்டுட்டாகூட மிச்சம் நாலு ஐட்டம், நாலு ரெண்டு எட்டு. பாஸ்! அந்த வெல்டர்கிட்டயே கொடுங்க.

துருச்சுரண்டி | 2024 மார்ச் 10

லெஸ்டர் தம்பி, கணக்குச் சரி, விதிதான் பிழை. எட்டுப் புள்ளி எண்டு கூட்டிப் போட்டுச் சந்தோசப்படாதேங்கோ. அந்த எட்டில அஞ்சு கட்டாயம் சேஸிஸில இருந்துதான் வரவேணும். அதுவும் ஒரிஜினல் சேஸிஸ், இல்லாட்டி தயாரிச்ச ஆக்களிட்ட இருந்து நேர வந்த புதுச் சேஸிஸ், அதே ஸ்பெக், ஒரு மாற்றமும் செய்யாதது. அந்த அஞ்சு இல்லையெண்டால் மிச்சம் எல்லாம் இருந்தும் பிரயோசனம் இல்லை. செக்கண்ட் ஹாண்ட் சேஸிஸ், வெட்டி ஒட்டின சேஸிஸ் எண்டால் நேர ஐவிஏ, பிறகு கியூ.

வெல்டர் அளவெடுத்து அடிக்கிறது எவ்வளவு திறமான வேலையா இருந்தாலும் அது “தயாரிச்ச கம்பெனியின்ர புதுச் சேஸிஸ்” ஆகாது. பழைய சேஸிஸைவிட நல்லா இருக்கலாம். பேப்பரில அது வேற கார்.

லெஸ்டர்வாசி | 2024 மார்ச் 10

ஓ. அந்த லைனை நான் கவனிக்கல. அப்ப கம்பெனி மூடிட்டா என்ன பண்றது?

துருச்சுரண்டி | 2024 மார்ச் 10

அதுதான் சிக்கல். சில பழைய கிட்டுகளின்ர மோல்டும் (பாடி வார்க்கிற அச்சு) ஜிக்கும் (சேஸிஸை வைச்சு வெல்ட் பண்ணுற சட்டம்) கைமாறி, புது உரிமையாளர் அதே வரைபடத்தில இண்டைக்கும் சேஸிஸ் அடிச்சுக் குடுக்கினம். அப்பிடி ஒருத்தர் இருந்தால், உரிமை தங்களிட்ட வந்ததெண்டும், இது அதே ஸ்பெக் எண்டும் லெட்டர்ஹெட்டில எழுதி வாங்குங்கோ. அதை டிவிஎல்ஏக்கு முன்கூட்டியே அனுப்பி, ஏற்றுக்கொள்ளுறீங்களா எண்டு எழுத்தில கேளுங்கோ. பதில் வர முதல் காசு குடுக்காதேங்கோ.

பின்சீட் | 2024 மார்ச் 11

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் எஸ்கார்ட் டோனர் கிட் ஒன்று இருக்கிறது. என் வி5சியில் டி.1 ஃபோர்ட், டி.5 2 டோர் சலூன் என்றுதான் இருக்கிறது! முந்தைய உரிமையாளர் இருபது வருடமாக இப்படியே எம்ஓடி (வருடாந்தரத் தகுதிச் சோதனை) எடுத்து ஓட்டியிருக்கிறார். பிரச்சினையா?

எண்ணெய்க்கை | 2024 மார்ச் 11

பிரச்சினைதான். எஸ்கார்ட் மோனோகாக் கார். அதன் பாடிதான் அதன் சேஸிஸ். உங்கள் காரில் அந்த பாடி இல்லை, எனவே அந்த வி5சி விவரிக்கும் வாகனம் இன்று இல்லை. அந்தக் காலத்தில் பலரும் அப்படியே விட்டுவிட்டார்கள். எம்ஓடி எடுத்திருப்பது அடையாளத்துக்கு அத்தாட்சி ஆகாது, அது அன்றைய தினம் பிரேக்கும் விளக்கும் சரியாக இருந்ததற்கான சான்று மட்டும். நீங்கள் தனி இழை தொடங்குங்கள், இரண்டையும் கலந்தால் படிப்பவர் குழம்புவார்.

வளைவுராஜா | 2024 மார்ச் 11

எல்லோரும் ஏன் அரசாங்கத்துக்கு லெட்டர் எழுதச் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை. பழைய பிளேட்டைக் கழற்றிப் புது சேஸிஸில் ரிவெட் அடித்தால் யாருக்குத் தெரியும்? அதே டிசைன், அதே நிறம். பல பேர் செய்வதுதான்.

ஸ்பேனர்ராணி | 2024 மார்ச் 11

யாருக்கும் தெரியாது, ஒரு விபத்து நடக்கும் வரை. அப்போது இன்ஷூரன்ஸ் தரப்பில் வருகிற இன்ஜினியர் முதலில் பார்ப்பதே எண்ணைத்தான். 1984 சேஸிஸ் என்று சொல்லி நேற்று வெல்டிங் ஆன குழாயைக் காட்டினால் பாலிசி நிற்குமா? எதிரே வந்தவருக்குக் காயம் என்றால் நிலைமை இன்னும் மோசம். திருட்டுக் காருக்கு வேறு காரின் எண்ணை ஒட்டுகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான். உங்கள் எண்ணம் வேறு என்பதை போலீஸிடம் நீங்கள்தான் நிரூபிக்கவேண்டியிருக்கும்.

சேஸிஸ் மாற்றுவதற்கு டிவிஎல்ஏ ஒப்புக்கொண்டாலும் எண்ணை நாமாக அடிக்கக்கூடாது. அவர்கள் எழுத்தில் சொன்ன பிறகுதான் பஞ்ச்சை எடுக்கவேண்டும். பழைய சேஸிஸை முழுதாக யாருக்கும் விற்கவும் வேண்டாம். அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டு, படமும் ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அடையாளத்தில் இரண்டு கார் உலவ ஆரம்பித்தால் முதலில் மாட்டுவது நீங்கள்.

வளைவுராஜா | 2024 மார்ச் 11

சரி அக்கா, கோபம் வேண்டாம். கேட்டேன், அவ்வளவுதான்.

மூன்றாம்கியர் | 2024 மார்ச் 12

மோல்ட் வாங்கியவர் யாராவது இருக்கிறாரா என்று தேடினேன். பாடி மோல்ட் ஒருவரிடம் இருக்கிறது, சேஸிஸ் ஜிக் அவரிடம் இல்லை. அந்தக் கதவு மூடிவிட்டது.

கியூ பிளேட் என்றால் என்ன நஷ்டம்? ஐவிஏ எவ்வளவு கஷ்டம்? அந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்ராணி | 2024 மார்ச் 12

நான் போயிருக்கிறேன், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஐவிஏ என்பது எம்ஓடியின் அண்ணன் என்று நினைத்துப் போகாதீர்கள். எம்ஓடி தேய்மானத்தைப் பார்க்கும். ஐவிஏ வடிவமைப்பையே கேள்வி கேட்கும். 2009இல் பழைய எஸ்விஏ சோதனைக்குப் பதிலாக வந்தது. நடத்துவது டிவிஎஸ்ஏ, ஓட்டுநர், வாகனத் தரங்களைப் பார்க்கும் அரசு அமைப்பு. சொந்தமாகக் கட்டிய காருக்கு ஐவிஏ1சி படிவம், கட்டணம் 450 பவுண்டு, மறுபரிசோதனைக்கு 90.

ஆட்கள் அதிகம் சறுக்குவது விளிம்புகளில். வெளியே உடம்பு படக்கூடிய எந்த விளிம்புக்கும் 2.5 மிமீ ஆரம் வேண்டும். 100 மிமீ விட்டமுள்ள உருண்டையை பாடி மேல் உருட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள், அது எதையெல்லாம் தொடுகிறதோ அதெல்லாம் கணக்கில் வரும். விங் ஓரம், சஸ்பென்ஷன் போல்ட் தலை, நம்பர் பிளேட் மூலை, எக்ஸாஸ்ட் பிராக்கெட். ரப்பர் டிரிம்மும் பிளாஸ்டிக் நட் மூடியும் இதற்காகவே விற்பனையாகின்றன. உள்ளே டாஷ்போர்டுக்கும் ஸ்விட்சுகளுக்கும் இதே மாதிரி விதி உண்டு. எண்பதுகளில் அலுமினியத் தகட்டில் டாகிள் ஸ்விட்ச் வரிசையாக அடித்திருப்பார்களே, அது அப்படியே தேறாது.

அடுத்தது ஸ்டியரிங். ஸ்டியரிங் தண்டு மோதலில் மடங்கவேண்டும். ஓடும்போது கையைத் தளர்த்தினால் சக்கரம் தானாக நேருக்குத் திரும்பவேண்டும். எடை குறைந்த காரில் காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) போதாமல் பலருக்கு இது வராது. எஸ்கார்ட் ஸ்ட்ரட்டை (முன் சஸ்பென்ஷன் தூண்) அப்படியே மாட்டியிருந்தால் காஸ்டரைக் கூட்ட இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

பிரேக்கில் பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொள்ளக்கூடாது. இரண்டு சர்க்யூட் வேண்டும், ஃப்ளூயிட் குறைந்தால் எரிகிற விளக்கு வேண்டும். சத்தம் 99 டெசிபலுக்குள், எஞ்சின் உச்ச சக்தி தரும் வேகத்தின் முக்கால் பங்கில் வைத்து அளப்பார்கள். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், ஒருபோதும் குறைத்துக் காட்டக்கூடாது. சீட் பெல்ட் ஆங்கரேஜ் எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு தடித்த தகட்டில் என்பதெல்லாம் சேஸிஸ் அடிக்கும்போதே தீர்மானிக்கவேண்டியவை, பிறகு ஒட்டவைக்க முடியாது. வெல்டரிடம் டிவிஎஸ்ஏ ஐவிஏ கையேட்டைக் கையில் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு குழாய் அறுக்கச் சொல்லுங்கள்.

பாஸ் ஆனால் சான்றிதழ் வரும். அதோடு வி55/5, வி627/1 படிவங்கள், படங்கள், ரசீதுகள், 55 பவுண்டு கட்டணம் எல்லாம் ஸ்வான்ஸீயில் உள்ள டிவிஎல்ஏவுக்குப் போகவேண்டும். ரசீது இல்லாத பாகம் டிவிஎல்ஏ கண்ணுக்கு வயது தெரியாத பாகம். கிழிசல் காகிதம்கூட பத்திரமாக வையுங்கள்.

எண்ணெய்க்கை | 2024 மார்ச் 13

ராணி விட்ட ஒன்று: எமிஷன் (புகை அளவு). கார் 1984 அடையாளத்திலேயே இருந்தால், எம்ஓடியில் எஞ்சின், கார் இரண்டில் எது பழையதோ அதன் விதிதான். தொண்ணூறுகளின் ஸீடெக் போட்டாலும் கார் பழையது, எனவே கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதம் வரை ஓகே. இரட்டைக் கார்புரேட்டர் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம்.

அதே எஞ்சினோடு ஐவிஏ போனால் எஞ்சினின் வயதைப் பார்ப்பார்கள், வயதுக்கு அத்தாட்சியும் கேட்பார்கள். கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் கருவி) காலத்து எஞ்சின் என்றால் இன்ஜெக்ஷன், லாம்டா சென்சார், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று வரிசையாக வரும். ஒரே எஞ்சின்தான், ஆனால் எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள் என்பதில் ஆயிரம் பவுண்டு வித்தியாசம் வரலாம்.

இன்னொன்று. யூலெஸ் (லண்டனில் புகை அதிகமான வண்டிகளுக்கு நாள் கட்டணம் வாங்கும் பகுதி) எல்லைக்குள் இருக்கிறீர்களா?

மூன்றாம்கியர் | 2024 மார்ச் 13

ஆமாம் ஐயா. போன வருடம் ஆகஸ்டில் விரிவாக்கியபோது உள்ளே வந்துவிட்டோம்.

எண்ணெய்க்கை | 2024 மார்ச் 13

அப்போது பழைய அடையாளத்தின் மதிப்பு இன்னும் அதிகம். 1984இல் கட்டியதாகப் பதிவில் உள்ள கார் 2025 ஏப்ரலில் ஹிஸ்டாரிக் வரி வகுப்புக்கு வரும். வரி பூஜ்யம், யூலெஸ் 12.50 பவுண்டும் இல்லை. கியூ பிளேட் வாங்கினால் அந்த வயது கைவிட்டுப் போகும்.

எம்ஓடி விலக்கும் கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். 2018 விதிப்படி நாற்பது வயது விலக்கு பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு. வெவ்வேறு வண்டிகளின் பாகத்தில் கட்டிய கிட் காரைப் பொதுவாக அதில் சேர்க்கமாட்டார்கள். வருடா வருடம் எம்ஓடி உண்டு. அது இருக்கவேண்டும் என்பதே என் கட்சி.

லெஸ்டர்வாசி | 2024 மார்ச் 14

ஒரு டவுட். கியூவுக்கும் பழைய நம்பருக்கும் நடுவுல ஏஜ்-ரிலேட்டட் நம்பர்னு ஒண்ணு இருக்கே? அது யாருக்கு?

துருச்சுரண்டி | 2024 மார்ச் 14

நல்ல கேள்வி. கிட் தயாரிக்கிற ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தரிட்ட புதுச் சேஸிஸ் வாங்கி, ஒரே டோனர் வண்டியின்ர ரெண்டு பெரிய பாகங்களையாவது அதில போட்டால், ஐவிஏ பாஸ் ஆனபிறகு டோனரின்ர வயசுக்கு ஏத்த நம்பர் தருவினம். டோனரின்ர வி5சி கையில இருக்கவேணும். பாகம் குறைஞ்சாலோ, வி5சி இல்லாட்டியோ கியூ.

மூன்றாம்கியர், உங்கட டோனரின்ர வி5சி கிட் பதியேக்கையே போயிருக்கும். இப்ப இருக்கிற காரையே டோனர் எண்டு காட்டலாமோ எண்டது தனி வாதம். ஆனா அப்பிடிப் போனாலும் ஐவிஏ கட்டாயம். ஐவிஏ கட்டாயம் எண்டால் கட்டலிஸ்ட், காஸ்டர், விளிம்பு எல்லாம் கட்டாயம். அப்ப உங்கட பாடியையும் டாஷையும் பாதி திரும்பச் செய்யவேணும்.

நான் கேக்கிறது வேற. சேஸிஸ் உண்மையில எவ்வளவு போயிருக்கு? பாடி இல்லாமல் படம் போடுங்கோ. சுத்தியலால தட்டிக்கொண்டு போய், சத்தம் மாறுற இடமெல்லாம் சோக்கால குறியுங்கோ.

மூன்றாம்கியர் | 2024 மார்ச் 17

தட்டிப் பார்த்தேன். இரண்டு பக்க நீளக் குழாயின் பின் பாதி, பின் ஸ்பிரிங் ஹேங்கர், ஓட்டுநர் பக்க அவுட்ரிக்கர் (பக்கவாட்டில் நீளும் தாங்கி) இரண்டு. முன் பாதி, குறுக்குச் சட்டங்கள், எஞ்சின் மவுண்ட், எண் பிளேட் இருக்கும் பகுதி எல்லாம் கெட்டி. படம் இணைத்திருக்கிறேன்.

துருச்சுரண்டி | 2024 மார்ச் 17

படம் பாத்தன். இது மாத்துற சேஸிஸ் இல்லை தம்பி, திருத்துற சேஸிஸ். அதே அளவு குழாய், அதே தடிப்பு, அதே இடம். பழுது பாக்கிறது வேற, மாத்தி அமைக்கிறது வேற. சேஸிஸை மட்டமான மேசையில கட்டி, ஒரு பக்கம் முழுக்க முடிச்ச பிறகுதான் மற்றப் பக்கம் வெட்டவேணும். ரெண்டையும் ஒண்டா வெட்டினால் முறுகிப் போகும். மூலைவிட்ட அளவை ஒவ்வொரு வெல்டுக்கும் பிறகு பாருங்கோ. குழாய் நுனிகளை மூடி உள்ளுக்கு மெழுகு அடியுங்கோ, முதல் தரம் அதைச் செய்யாததாலதான் இந்தக் கோலம்.

வளைவுராஜா | 2024 மார்ச் 18

அப்படியானால் ஸீடெக் மவுண்டுக்காக சேஸிஸில் புது பிராக்கெட் வெல்ட் செய்தால் அது “மாற்றிய சேஸிஸ்” ஆகிவிடாதா? அங்கே போய்விடுமே அந்த ஐந்து புள்ளி?

எண்ணெய்க்கை | 2024 மார்ச் 18

இந்த முறை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஒரு பிராக்கெட்டுக்காக யாரும் நம்பரைப் பறிக்கமாட்டார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. குழாயை அறுத்து நகர்த்தினால் நிச்சயம் மாற்றம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிராக்கெட் விஷயத்தில் நான் வாதாடும் நிலைக்கே போகமாட்டேன். பழைய கென்ட் மவுண்டில் ஏற்கெனவே துளை இருக்கிறது. அதில் போல்ட் போட்டு மாட்டும் அடாப்டர் தகடு செய்யுங்கள். சேஸிஸில் தீப்பொறி படவேண்டாம்.

கியர்பாக்ஸும் அப்படியே இருக்கட்டும். ஸீடெக்கின் பின்முகம் கென்ட் பெல்ஹவுசிங்கில் (கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் கூடு) உட்காரும். ஐந்து கியர் டைப் 9 போட்டாலும் புள்ளிக் கணக்கில் தாங்கும்தான், சேஸிஸ் 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், ஸ்டியரிங் ஆறு, மொத்தம் 11. ஆனால் எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் மாற்றினால் எது தகராறு செய்கிறது என்றே தெரியாது.

மூன்றாம்கியர் | 2024 மார்ச் 19

முடிவு செய்துவிட்டேன். சேஸிஸ் பழுதுபார்ப்பு, போல்ட் போட்ட மவுண்ட், நாலு கியரே இருக்கும். வெல்டரிடம் சொன்னேன், முழு சேஸிஸ் ஆர்டர் போனதில் அவருக்கு வருத்தம்தான். அறுப்பதற்கு முன், அறுத்தபின், வெல்ட் முடிந்தபின் என்று ஒவ்வொரு இடத்தையும் அளவுகோல் வைத்துப் படமெடுக்கப் போகிறேன். எஞ்சின் விற்பவரிடம் எஞ்சின் எண்ணோடு ரசீது கேட்டிருக்கிறேன்.

ஸ்பேனர்ராணி | 2024 மார்ச் 19

எஞ்சின் வந்த காரின் பதிவு எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு அதன் வயதைக் கேட்டால் அதுதான் கைகொடுக்கும்.

லெஸ்டர்வாசி | 2025 அக்டோபர் 4

பழைய இழையைக் கிளப்புறேன், திட்டாதீங்க. 2025 ஆகஸ்ட் 26லேருந்து டிவிஎல்ஏ ரூல் மாறிடுச்சு. தோற்றம் மாறாம, வி5சி விவரம் எதுவும் மாறாம, இருந்தது இருந்தபடி ரிப்பேர் பண்ணா சொல்லவே வேண்டாம். பெரிய அளவுல ஸ்ட்ரக்சர் மாத்தினாலும் அதே அடையாளத்தையும் நம்பரையும் வெச்சுக்கலாம், ஆனா கண்டிப்பா அவங்களுக்குத் தெரிவிக்கணும். எலெக்ட்ரிக் கன்வெர்ஷனும் இதுல அடக்கம். அதனால மேல இருக்கற எட்டுப் பாயிண்ட் வாதமெல்லாம் 2024 கணக்கு. இப்ப வேலை ஆரம்பிக்கறவங்க புது வழிகாட்டியைப் படிச்சுட்டு இறங்குங்க.

எண்ணெய்க்கை | 2025 அக்டோபர் 4

திட்டவில்லை, நன்றி. மூன்றாம்கியர் விஷயத்தில் எஞ்சினும் சிசியும் மாறியதால் எப்படியும் தெரிவித்திருக்கவேண்டும். கார் ஓடுகிறதா தம்பி?

மூன்றாம்கியர் | 2025 அக்டோபர் 6

ஓடுகிறது ஐயா. புது சிசியோடு வி5சி வந்துவிட்டது, நம்பர் அதேதான். ஸீடெக் உயரம்தான் பானெட்டில் இடிக்கிறது. சம்ப்பை (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) வெட்டிச் சிறிதாக்கி எஞ்சினை இறக்குவதா, பானெட்டில் மேடு வைப்பதா என்று யோசிக்கிறேன்.

துருச்சுரண்டி | 2025 அக்டோபர் 6

சம்ப்பை வெட்டினால் வளைவில எண்ணெய் ஒதுங்கிப் போகும், உள்ளுக்குத் தடுப்புத் தகடு வேணும். பானெட்டில மேடு வையுங்கோ. வெட்டத்தான் போறீங்கள் எண்டால் முதல்ல எண்ணெய் உறிஞ்சுற பிக்கப் குழாயின்ர உயரத்தை அளந்து போடுங்கோ, பாப்பம்.